ஆளும் வர்க்கத்துக்குக் கதவு திறப்பவன்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சோப்புத் தொழிற்சாலையில் மேனேஜர் அறை வாசலில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து சேவை செய்துவரும் பியூன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். என் மனைவி முழங்காலுக்கு மேலே நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் இதழில் எழுத்துப் பிழை திருத்துகிறவர் (அப்படி ஒருவர் இருந்தால்) அவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானாகத் தேடிப்போய் உங்கள் வாசகன் ஆனவன் அல்ல. எங்கள் தொழிற்சங்கத்தின் பொதுக்குழுவில் டீ கொடுக்கிறார்கள் என்று போன இடத்தில் செயலாளர் என் தலையில் ஒரு வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டார். வந்த இதழைத் தூக்கி எறிய மனமில்லாமல் படித்தேன், அதில் நம்மை ஆளும் வர்க்கத்தைப் பற்றி நீங்கள் வாராவாரம் எழுதும் தொடரையும் படித்தேன், அன்றைக்குப் பிடித்தது சனி. அதுவரை நான் நிம்மதியாக இருந்தேன் ஐயா. மேனேஜர் அறையின் ஏ.சி. காற்று கதவிடுக்கு வழியாக என் கணுக்கால் வரைக்கும் வரும், உட்கார எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு, மணி அடித்தால் எழுந்து கதவைத் தள்ளித் திறந்துவிட வேண்டும், மேனேஜர் வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அவர் கை கதவில் படக் கூடாது. இது எங்கள் ஆபீஸின் வழக்கம். இரண்டாவது மணி அடிக்கும்படி நான் ஒரு நாளும் விட்டதில்லை.

உங்கள் முதல் பகுதியில் சமூகம் ஆள்கிறவர்கள், ஆளப்படுகிறவர்கள் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் ஆள்கிறவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது மரியாதைதானே என்று விசாரிக்கக் கிளம்பினேன். பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசரைக் கேட்டேன். "யோவ், நானே மேல சொன்னதக் கீழ சொல்றவன்யா, எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?" என்றார். மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்த ஒரு காலையில் அவரைக் கேட்டேன். "நானா? டைரக்டர் போன் வந்தா எனக்கு உள்ளங்கை வேர்க்குது, நீ வேற" என்றார். டைரக்டர் காரிலிருந்து இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டே கேட்டேன். "எல்லாம் பெரியவர் முடிவு" என்றார். பெரியவர் என்றால் முதலாளி. புது மெஷினைப் பார்க்க வந்தவரோடு லிஃப்டில் போகும் பாக்கியம் கிடைத்தது, விடவில்லை, கேட்டேவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டு, "என் கையில என்னப்பா இருக்கு? எல்லாத்தையும் மார்க்கெட்தான் தீர்மானிக்குது" என்றார். அந்த மார்க்கெட் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. ஆக, எங்கள் கம்பெனியில் அடி முதல் நுனி வரை எல்லோரும் ஆளப்படுகிறவர்கள்தான். ஆள்கிறவர் ஒருவரும் அகப்படவில்லை. இதை உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும், சோம்பலால் எழுதவில்லை.

பிறகு வந்தது மூன்றாம் பகுதி. அதிகாரம் தடியால் மட்டும் ஆள்வதில்லை, நம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, நாமே யோசித்தது போல நம்மைப் பேசவும் வைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவி அதே தொழிற்சாலையில் பேக்கிங் செக்ஷனில் இருக்கிறாள். அங்கே பதினான்கு பெண்கள் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றபடியே சோப்புக்கு உறை போடுவார்கள். உட்கார எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, வாளியில் வெந்நீர் பிடித்து இரண்டு காலையும் அதற்குள் விடுவது. அப்படி இருந்த நேரத்தில்தான் வாசித்தேன். அவள் கேட்டுவிட்டு, "நின்னாத்தான் கை ஓடும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. ஆனா அவரு மட்டும் உக்காந்துக்கிட்டே சொல்றாரு" என்றாள். நான் இதழிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் கம்பெனி வழக்கம், நாம என்ன செய்ய முடியும்" என்றேன். பிறகு அவள், "இப்பப் பேசினது நீங்களா, இல்ல உங்க மண்டைக்குள்ள உக்காந்திருக்கறவரா?" என்று கேட்டாள். கட்டுரையை எழுதியவர் நீங்கள், வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அதோடு விட்டாளா? "ஆளுக்கொரு ஸ்டூல் வேணும்னு பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோமே, அந்த மனு என்ன ஆச்சு?" என்றாள். ஐயா, இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் நடைமுறையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் தரும் காகிதம் எதுவானாலும் முதலில் என் கைக்கு வரும். மேனேஜரின் முகம் பார்த்து, தலைவலி இல்லாத நேரம் பார்த்து, டைரக்டர் போன் வராத நாள் பார்த்து நான் உள்ளே வைப்பேன். சிடுசிடுப்பான நேரத்தில் கொண்டுபோய் வைத்தால் காரியம் கெட்டுவிடும் என்ற நல்லெண்ணம்தான். அந்த மனுவையும் அப்படித்தான் நல்ல நேரத்துக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன். பதினேழு நாளாக அவருக்கு நல்ல நேரம் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னேன். என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நான்காம் நாள் அவள் வாளியை நானே தூக்கிவந்து வைத்து வெந்நீரும் ஊற்றினேன். அப்போதுதான் அந்தக் காலை அருகில் பார்த்தேன். வீங்கி, விரல்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு, என் மனைவியின் கால் போலவே இல்லை. மனசு என்னவோ செய்தது, மறைக்க விரும்பவில்லை.

இந்த நேரம் பார்த்து உங்கள் ஐந்தாம் பகுதி வருகிறது. 'ஆளும் வர்க்கத்தின் வாசலில் நிற்பவனும் தன்னை ஆள்பவனாகவே நினைத்துக்கொள்கிறான்' என்று ஒரு வரி. இது யாரைக் குறிக்கிறது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் மனைவி உங்களுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதிவிட்டாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஒரு திருத்தம் மட்டும் போட வேண்டுகிறேன்: நான் வாசலில் நிற்பவன் அல்ல, உட்காருபவன்.

மறுநாளே மனுவை உள்ளே கொண்டுபோனேன். மேனேஜர் படித்தார். "பதினாலு ஸ்டூலா? இன்னைக்கு ஸ்டூல் கேப்பாங்க, நாளைக்குச் சாஞ்சுக்க முதுகு வெச்ச நாற்காலி கேப்பாங்க, அப்புறம் படுக்கக் கட்டில் கேப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார். முதுகு வைத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் சொன்னார். மனு வட்டமான டீக் கறையோடு வெளியே வந்தது. அதை என் மனைவியிடம் கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் தாங்கள் அச்சில் ஏற்ற வேண்டிய பகுதி. அடுத்த வாரம் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி. பேக்கிங் செக்ஷன் பெண்கள் பதினான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்து, மேனேஜர் அறைக்கு முன்னால் தாழ்வாரத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. கீழே சோப்புகள் பெல்ட்டின் முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்துக் குவிந்துகொண்டிருந்தன. கதவின் மங்கலான கண்ணாடி வழியாக அத்தனை தலைகளின் நிழலையும் கண்ட மேனேஜர் மணியை அடித்தார். ஐயா, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, நான் எழுந்திருக்கவில்லை! மறுபடி அடித்தார். அசையவில்லை. கண்களை மூடி, கைகளைக் கட்டி, என் வர்க்கத்தின் பக்கம் பாறை போல அமர்ந்திருந்தேன். மணி எத்தனை முறை அடித்தது என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. பிறகு விசாரித்ததில் பதினொன்று என்றார்கள்.

மணியில் பயனில்லை என்றதும் மேனேஜர் தாமே எழுந்து கதவுக்கு வந்தார். இங்கேதான் வர்க்கப் போராட்டம் உச்சத்தை அடைந்தது. அந்தக் கதவை வெளியிலிருந்து தள்ள வேண்டும், உள்ளிருந்து இழுக்க வேண்டும். ஆறு வருஷமாக அந்த அறையில் இருக்கிற மனிதருக்கு இது தெரியாது, ஒரு நாளும் அவர் அதைத் திறந்ததில்லையே! அவர் தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஓடிவந்து தள்ளினார். கதவு திறக்கவில்லை. பெண்கள் வெளியே பூட்டு போட்டுவிட்டார்கள் என்று நினைத்து டைரக்டருக்குப் போன் போட்டு, "சார், என்னை அடைச்சு வெச்சுட்டாங்க, ஆள் எத்தனைன்னே தெரியல, பியூனும் அவங்க பக்கம் போயிட்டான்" என்று அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார். டைரக்டர், "கேட்டதக் குடுத்துத் தொலைங்க, பேப்பர்ல வந்துடப்போகுது" என்று சொல்லியிருக்கிறார். பதினான்கு ஸ்டூலுக்கும் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். சூப்பர்வைசர் வந்து கதவை லேசாகத் தள்ளியதும் அது திறந்துகொண்டது. மேனேஜர் அந்தக் கதவைப் பார்த்த பார்வையைத் தாம் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை என்று சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொல்லிவருகிறார்.

நான்காம் நாள் ஸ்டூல்கள் வந்து இறங்கின. என் மனைவி இப்போது உட்கார்ந்து உறை போடுகிறாள். கை ஒன்றும் மெதுவாகவில்லை, கொஞ்சம் வேகம்தான். சங்கச் செயலாளர் என் தோளில் தட்டி, "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருந்தாருன்னு தெரியாமப் போச்சே" என்றார். மேனேஜர் என்னை 'வாங்க, போங்க' என்கிறார். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் மட்டும் என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். மரியாதையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். என் மனைவியும் நான் இந்தச் சம்பவத்தை விவரிக்கத் தொடங்கினால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறாள்.

ஆகவே, தங்கள் தொடரின் நிறைவுப் பகுதியாக என் அனுபவத்தைப் புகைப்படத்தோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். படம் இத்துடன் இருக்கிறது. இடது காதை வெட்டிவிட வேண்டாம். தலைப்பு 'எழாதவன்' என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் தாழ்மையான எண்ணம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் உழைக்கும் மக்கள் அனைவருக்கும் எல்லா நலமும் கூடி வர வாழ்த்தி, ஆசிரியர் குழுவினருக்கு என் அன்பான விசாரிப்புகளைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வர்க்கத் தோழனாகிய பியூன்

பின்குறிப்பு: வணக்கம் ஐயா. இதை எழுதுவது அவருடைய மனைவி. உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், உறை என்றால் என் கை சும்மா இருக்காது, உள்ளே என்ன என்று பார்த்துவிட்டேன். அவர் கடிதத்தில் ஒரு இடம் தவறு. அன்றைக்கு அவர் பாறை போல உட்கார்ந்திருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் ஏழாம் பகுதி நெஞ்சின் மேல் விரித்தபடி கிடந்தது. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அவர் கண்ணயர்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவளே நான்தான். முதல் மணி அடித்ததும் பக்கத்தில் இருந்தவள் பாவப்பட்டு அவரைத் தட்டி எழுப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். படத்தைப் போடுங்கள் ஐயா, ஆசைப்படுகிறார், போட்டால் பாதகமில்லை. நல்ல மனுஷர், இப்போதும் தினமும் வாளியில் வெந்நீர் அவர்தான் ஊற்றுகிறார். ஆனால் விழித்திருந்தால் முதல் மணிக்கே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டிருப்பார். அவருக்கே தெரியாமல் கால் எழுந்துவிடும். அதனால்தான் எழுப்பவில்லை.