பகல் தூக்கத்துக்கு வருமான வரி

இனிமேல் பகலில் தூங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். ராத்திரி முழுக்க துறைமுகத்தில் கன்டெய்னரோடு மாரடிக்கிறவனுக்குத்தான் அந்த முடிவின் கனம் தெரியும்.

ராயபுரத்தில் எங்கள் வீடு என் பெண்சாதி டோரதிக்கு அவள் அப்பா கொடுத்தது. கீழே ஒரே அறை. காலையில் நான் வந்து படுத்ததும் என் தலைமாட்டில் அவள் தையல் மிஷின் ஓட ஆரம்பிக்கும். எனக்கு வரும் கனவுகள்கூட ஓரம் அடிக்கப்பட்டுத்தான் வரும். மாடி அறையைக் கேட்டுப் பார்த்தேன்.

"மாதா தேர் ஜோடனை சாமான் கீற எடம்யா அது. அதுல போயி கால் நீட்டுவியா?"

மாதாவோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

அப்போதுதான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் ஐம்பத்தைந்தாயிரம். எதையும் நானே படித்துக் கற்றவன் நான். மூர் மார்க்கெட்டில் எப்போதோ வாங்கிய வருமான வரிப் புத்தகத்தை எடுத்தேன். கூட்டினேன், கழித்தேன், சதவீதம் போட்டேன். வரி மாதம் மூவாயிரம் என்று வந்தது. போக மீதிதான் கைக்கு. பிழைப்பே வெறுத்துவிட்டது.

ஆனால் சம்பளத்தில் பி.எஃப். மட்டும்தான் பிடித்திருந்தார்கள். வரி ஒரு பைசா இல்லை. ஆபீசில் மறந்துவிட்டார்கள்! சர்க்காரே மறந்த பணம். ஞாபகம் வைத்திருக்கும் ஒரே மனுஷன் நான். அப்படியானால் அது யாருக்குச் சேரும்? மூவாயிரத்தை ஒதுக்கிக்கொண்டு மீதியை டோரதி கையில் கொடுத்தேன்.

"இன்னாய்யா, மூவாயிரம் கொறையுது?"

"இன்கம் டாக்ஸ்மே."

"அம்மாடியோ! அவ்ளோவா?"

"பெரிய சம்பளம்னா அப்டிதாம்மே."

"பாவம்யா நீ" என்றாள்.

நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். டோரதி என் மேல் இரக்கப்பட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

டீக்கடை நசீர் வீட்டு புரோக்கரும்கூட. ரகசியமாகச் சொன்னேன். "பகல்ல தூங்க மட்டும் ஒரு ரூம் வோணும். வூட்டுக்குத் தெரியக்கூடாது."

"தோஸ்துக்கு செய்யாம இன்னா மாமு!"

அந்த வாரமே சொன்னான். "ரூம் ரெடி. மாசம் மூவாயிரம். ஃபேன் கீது. மிஷின் சத்தம் கேக்கவே கேக்காது."

அளவெடுத்துத் தைத்த மாதிரி மூவாயிரம்! நோட்டுகளை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். சாவியோடு நின்றான். நடந்தோம். ஸ்டேஷனைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, என் தெருவுக்குள் திரும்பினான்.

"இன்னாடா, எங்க வூட்டாண்ட போற?"

"கிட்டத்துல இருந்தா நல்லதுதான மாமு."

எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே கால் வைத்தான்.

மேலே டோரதி பாயை உதறிக்கொண்டிருந்தாள். "வாய்யா. புது குடித்தனம் நீதானா?"

நசீரைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான். அவன் பெண்சாதி சாபிரா எங்கே ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறாள் என்று பாவி நான் யோசிக்கவே இல்லை.

"மாதா ஜோடனை சாமான்?"

"கீழ, நீ படுக்கற எடத்துல. அங்க இனிமே யாரு படுக்கப் போறா?"

"டாக்ஸு கட்டணும்னுதான் டோரதி..."

"இன்னா டாக்ஸு? உன் சம்பளத்துக்கெல்லாம் கெடையாதுய்யா. பன்னெண்டு லட்சம் வரைக்கும் இல்லன்னு பட்ஜெட் அன்னிக்கு டிவில கத்திகினே இருந்தான். ஊருக்கே தெரியும். நான் மிஷினை நிறுத்திட்டுப் பாத்துகினு இருந்தேன். நீ தூங்கிகினு இருந்த."

ஆமாம். என் ஆயுசிலேயே நான் நன்றாகத் தூங்கிய ஒரே பகல் அது.

இப்போது மாதம் பிறந்தால் டோரதியிடம் மூவாயிரம் வாடகை கட்டுகிறேன். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. தூக்கமும் இல்லை. மிஷின் கடகடக்காமல் கண் மூட மறுக்கிறது. நேற்று பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"டோரதி, நான் பழையபடி இங்கியே ஒரு ஓரமா படுத்துக்கறேனே."

மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "படுத்துக்கோய்யா. ஆனா கீழ் போர்ஷனுக்கு வாடகை ஜாஸ்தி."