நாலு மூலையில் நாலு ஓட்டை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். (சம்பந்தி என்று எழுதலாமா என்பதை இதைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்யவும். அடித்துவிட்டு ‘ஐயா’ என்று போட்டுக்கொண்டாலும் வருத்தமில்லை.) தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள். தங்கள் அச்சுப் பட்டறையும் நலமாக இருக்க வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம். காலையிலிருந்து பதினோரு முறை போன் செய்தேன். மெஷின் ஓடும்போது தாங்கள் எடுப்பதில்லை. ஆகவே எங்கள் ஆபீஸ் பியூனிடம் இதைக் கொடுத்து பைக்கில் விரட்டுகிறேன். தயவுசெய்து மெஷினை நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அச்சு செய்ய, நான் போன புதன்கிழமை அனுப்பிய ஃபைலை வைத்து இன்று மூன்று மணிக்கு இரும்பை வெட்டப்போகிறீர்கள். அந்தத் தட்டில் நாலு ஓட்டை இருக்கிறது. தண்ணீர் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத தட்டு அது. கம்ப்யூட்டரில் முதலில் முழுக்கட்டியாக வரைந்து, விளிம்பை உருட்டிவிட்டு, அப்புறம்தான் உள்ளே குடைய வேண்டும். அப்போதுதான் உள்பக்கமும் கூடவே வளைந்து, சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் நிற்கும். எனக்கு இந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொடுத்த என் மகள், “அப்பா, உருட்டிட்டுக் குடைங்க, குடைஞ்சிட்டு உருட்டாதீங்க”ன்னு தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். நான் ரெண்டு மில்லிமீட்டர் சுவர் விட்டு முதலில் குடைந்துவிட்டேன். அப்புறம் மேனேஜர் வந்து, “ஓரம் கையக் கிழிக்கும் போலிருக்கே, நல்லா உருட்டுங்க சார்” என்றார். நல்லாவே உருட்டினேன், ஆறு மில்லிமீட்டர். ரெண்டு மில்லிமீட்டர் சுவரில் ஆறு மில்லிமீட்டரை உருட்டினால் மூலையில் என்ன மிஞ்சும்? காற்றுதான் மிஞ்சும். மற்ற நேரமெல்லாம் தும்மினால்கூடச் சிவப்பு எழுத்தில் ‘முடியாது’ என்று கத்துகிற அந்த சாஃப்ட்வேர், இதுக்கு மட்டும் வாயைத் திறக்கல. இன்னைக்குக் காலைல சும்மா இருக்க மாட்டாம தட்டைத் திரையில குப்புறத் திருப்பினேன், நாலு மூலையிலயும் பொட்டுப் பொட்டா வெளிச்சம்.

உருட்டினதை அழிச்சேன், கூடவே கைப்பிடியும் காணாமப் போச்சு. கைப்பிடியைத் திரும்ப வரைஞ்சேன், தட்டு ரெண்டாப் போச்சு. கடைசியில நாலு மூலையிலயும் நாலு ஒட்டு போட்டு அடைச்சிருக்கேன். மரு முளைச்ச மாதிரிதான் இருக்கு, ஆனா ஒழுகாது. அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு அரை மணி முன்னாடியே வேன் டிரைவர்கிட்ட கொடுத்தனுப்பிட்டேன்.

போன மாசம் வீட்டுக்கு வந்தப்போ, “உங்க டிராயிங்ல ஒரு கோடு தப்பா இருக்காது, அதப் பாத்துதான் உங்க பொண்ணக் கேக்கவே வந்தோம்”னு சொன்னீங்க. என் மனைவி அதைத் தெரு முழுக்கச் சொல்லியாச்சு. பொண்ணோ “யோசிச்சுச் சொல்றேன்”னதோட சரி, ஒரு மாசமா பேச்சையே எடுக்கல. ஞாயித்துக்கிழமை அவ சம்மதம் கேக்க வர்றீங்க, இந்த நேரம் பாத்தா நான் ஓட்டைத் தட்டு வரையணும்? பயமா இருக்குங்க. குடைஞ்சதும் நான், உருட்டினதும் நான். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, சம்பந்தத்தை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். பட்டறையில் தங்களுக்குத் துணையாக இருக்கும் தங்கள் மகனுக்கு, மாப்பிள்ளை ஆனாலும் ஆகாவிட்டாலும், என் ஆசிகள்.

இப்படிக்கு,
தட்டு வரைந்தவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மனசு கேட்காமல் மகளுக்குப் போன் செய்தேன். சிரிக்கிறாள். “அந்த நாலு ஓட்டையாப்பா? அத வியாழக்கிழமையே சரி பண்ணியாச்சே. ஸ்டெப் லிஸ்ட்ல நீங்க உருட்டினதப் புடிச்சு, குடைஞ்சதுக்கு முன்னாடி வர்ற மாதிரி மேல இழுத்து விட்டோம், அவ்ளோதான்.” “விட்டோம்னா யாரு?” என்றேன். “அவர்தான்... ஃபைலத் தெறந்ததுமே கூப்பிட்டாரு. நாங்க தினமும் பேசுவோம்ல, அப்ப பாத்தோம். உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு ரெண்டு பேருமே சொல்லல” என்றாள். ஆக, தங்கள் மெஷினில் இருப்பதுதான் நல்ல தட்டு. இந்தக் கடிதத்தைக் கிழித்தே போட்டிருப்பேன், ஆனால் அந்தப் பென்டிரைவ் அங்கே வந்துகொண்டிருக்கிறதே! அதைத் திறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகளிடம் சம்மதம் கேட்க வேண்டாம், தேதியைக் கேளுங்கள்.