மதகுக்கு இந்தப் பக்கச் சத்தமும் அந்தப் பக்கச் சத்தமும்

மதகடி வீடு,
மாத்தளை டவுன் எல்லை.

அன்புள்ள மகன் யோகேந்திரனுக்கு, ஒன்னைப் பெத்த அம்மா அழகாயி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் சுகம்தான், காலையில பல்லு விளக்குறத வேலிக்கு மேலால பார்த்தேன். மதகுக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு எதுக்குக் கடிதம்னு கேப்ப. நேத்துலருந்து ஒன்னோட நான் பேசுறதில்ல, அதுக்குத்தான்.

வர்ற ஞாயிறு ஒன் தங்கச்சி கலாராணி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீ, ஒன் மடியிலதான் புள்ளைய உக்கார வைக்கணும். அந்த மடியப் பத்தித்தான் எனக்கு இப்ப சந்தேகம்.

நேத்து ஸ்பீக்கர் செட்டுக்கார றம்ஸீன் வந்து நம்ம ஜம்பு மரத்துல ஸ்பீக்கரக் கட்டினான். கோணலாக் கட்டிட்டான், நான் நாலு வார்த்தை சொல்லிக்கிட்டு நின்னேன். ஒரு பாட்டுக்கூடப் போடல, அதுக்குள்ள டவுன் கவுன்சில் மாத்தயா ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல வந்து எறங்கி, சோப்புப் பெட்டி மாதிரி ஒரு மீட்டர நீட்டினாரு. "பாட்டே இல்ல மாத்தயா, என்னத்த அளக்குறீங்க?"ன்னு கேட்டேன், மீட்டர் செவப்பா எரிஞ்சிச்சு. "டவுன் பக்கத்துல இவ்வளவு சத்தம் கூடாது ஆச்சி"ன்னாரு. பாட்டு போட முந்தியே ஆளு வந்தா, யாரோ முந்தியே போட்டுக் குடுத்திருக்காங்க. முந்தாநாள் நீ போனுக்கு ரீலோட் போட்டியே, யாரோட பேச?

றம்ஸீன் சொல்றான், "மதகத் தாண்டினா டவுன் இல்ல, உக்குவளைச் சபைப் பக்கம் ஆச்சி, அங்க இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க விடுவாங்க." அது எப்படிடா? டவுன்காரன் காது வெங்காயத் தோலு, ஒங்க காது பலாத் தோலா? சத்தம் மதகுகிட்ட வந்து செருப்பக் கழட்டிட்டா நடக்குது? சரின்னு தூக்கிட்டுப் போய் ஒன் பலா மரத்துல எங்க வீட்டப் பார்க்கக் கட்டினோம். நான் இந்தாண்ட நின்னு "இன்னும் மேல, இன்னும் மேல"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள ஒங்க பக்கத்துச் சபை மாத்தயா ஆஜர். அவருக்கு அளவு சரியாம், ஆனா காணிக்காரன் சம்மதிக்கணுமாம். நீ சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு என்ன சொன்ன? "எனக்கு ஒன்னும் தெரியாது சேர், அது எங்கம்மா வேல." மூணாம் வகுப்புல பள்ளிக்கூட மணியக் கழட்டி ஒளிச்சப்பவும் டீச்சர்கிட்ட இதையேதான் சொன்ன. நான் மறக்கல.

கடைசில மதகு மேலயே வச்சோம். ரெண்டு மாத்தயாவும் வந்து, இது ஒங்களுது, இல்ல ஒங்களுதுன்னு பேசிக்கிட்டாங்க. அப்புறம் டவுன்காரர் வயரப் பார்த்துட்டாரு. கரண்ட் நம்ம வீட்டுலருந்து வருதாம், அப்ப சத்தமும் டவுன் சத்தமாம். றம்ஸீன் ஸ்பீக்கரத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

ஆகவே மகனே, போட்டுக் குடுத்தது நீதான். இல்லாட்டி ஒன் பொண்டாட்டி கோமளா, என் கிரைண்டர வாங்கிட்டுப் போய் மூடியில்லாமத் திருப்பித் தந்தவ எதுக்கும் துணிவா. ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் வர வேணாம். மடிக்கு இங்க பஞ்சமில்ல, ஒன் பெரியப்பா மகன் ரமணன் மடி சும்மாதான் கெடக்கு.

மாரியம்மா ஒங்க வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கிடட்டும். பேரப்புள்ளைகளுக்கு முத்தம். கோமளாவுக்கு ஒன்னுமில்ல.

இப்படிக்கு,
ஒன்னோட பேசாத அம்மா,
அழகாயி

பி.கு.: கடிதத்த மடிக்கிறப்ப டவுன் மாத்தயா திரும்ப வந்தாரு. முறைப்பாடு ஸ்பீக்கரப் பத்தி இல்லயாம். இந்தாண்ட நின்னுக்கிட்டு அந்தாண்ட இருக்கிற மகனக் கூப்பிடுற ஒரு ஆச்சியப் பத்தியாம். சொன்னது அடுத்த வீட்டு நூருன்னிஸா டீச்சர், மக சோதனைக்குப் படிக்குதாம். மனுசத் தொண்டைக்கு டவுன்லயும் அளவு எழுதல, ஒங்க பக்கமும் எழுதலன்னு மாத்தயா தலையச் சொறியிறாரு. ஒன்கிட்ட விசாரிச்சதுக்கு நீ சொன்னியாமே, "அது சத்தமில்ல சேர். அது கேக்காட்டித்தான் நாங்க ஓடிப் போய்ப் பார்க்கணும்"னு.

ஞாயிறு வேட்டியத் துவைச்சுக் கட்டிக்கிட்டு வா. கோமளாவையும் கூட்டிக்கிட்டு வா, மூடியோட. பதில் எழுதாத, மதகுகிட்ட வந்து சொல்லு. புள்ள படிக்குது, நான் கத்த மாட்டேன். நீ கத்து. ஒங்க பக்கந்தான் கொஞ்சம் கூட விடுவாங்களே.