ஏழாம் கட்டிலுக்கு இரண்டு மணி நேரம்

"நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் ஏழாம் கட்டிலைப் பார்த்துச் சொன்ன அதே நொடியில், ஆஸ்பத்திரியின் தர அலுவலர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாள். மணி பத்து நாலு. அவள் கண் கடிகாரத்தில் இருந்ததால், நோயாளி அதைக் கேட்டுச் சிரித்தாரா அழுதாரா என்று அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டு நாலுக்குள் அந்த நோயாளி வாசலைத் தாண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவள் பழையபடி வரவேற்பு மேஜையில் டோக்கன் கிழிக்கப் போகலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அந்த மேஜையிலிருந்து தப்பி வர அவளுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இதற்காகவே வேல்யூ ஸ்ட்ரீம் மேப் என்று ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். டாக்டர் 'போகலாம்' என்று சொல்வதிலிருந்து நோயாளி வாசல் தாண்டுவது வரை ஒவ்வொரு படியையும் மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வேலை நடக்கும் நேரம் மேலே, சும்மா காத்திருக்கும் நேரம் கீழே. ஒட்டிக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கே தலை சுற்றியது. மொத்தம் ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். அதில் உருப்படியான வேலை முப்பத்து நாலு நிமிஷம்தான். மற்றதெல்லாம் வீண்.

முதல் வீண், டிஸ்சார்ஜ் சீட்டு அடிக்க டைப்பிஸ்டிடம் போகும் ஃபைல். பத்து ஃபைல் சேர்ந்தால்தான் அட்டெண்டர் எடுத்துப் போவார்.

"எதுக்குச் சேர்க்கணும்? ஒவ்வொண்ணா உடனே கொண்டு போங்க" என்றாள்.

கால் மணி நேரத்தில் நாலு அட்டெண்டர்களும் ஆளுக்கொரு ஃபைலோடு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வார்டில் ஒரு தலையணையை எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. டைப்பிஸ்டோ புது ஃபைல் வர வரப் பழையதைப் பாதியில் விட்டுவிட்டு, ஒன்பது அரைகுறைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஏழாம் கட்டிலை மட்டும் முடிச்சுக் குடுங்க."

"நீங்க என் தலைக்கு மேல நிக்காம இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன்மா."

ஃபைல் கைக்கு வந்தபோது மணி பத்து ஐம்பத்தொன்று.

அடுத்தது மருந்து. நோயாளியின் வீட்டார் கீழே போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது வழக்கம். "அவங்க ஏன் இறங்கணும்? நீங்க ஏறி வாங்க" என்று பார்மசிக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் ஜன்னலை மூடிவிட்டு மருந்துப் பையோடு ஏறினார். வரிசையில் நின்ற இருபது பேருக்கும் பகீரென்றது. கடையைக் கட்டிவிட்டு ஆள் ஓடுகிறார் என்று அத்தனை பேரும் அவர் பின்னாலேயே மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்கு முன்னாடி யாருக்கும் குடுக்கக் கூடாது!"

"காலையில எட்டு மணிக்கே வந்தவன் நான்!"

தர அலுவலருக்கு வியர்த்துக் கொட்டியது. மணி பதினொன்று இருபது.

சக்கர நாற்காலி கீழே இருப்பதால் பதினெட்டு நிமிஷம் வீண் என்று சுவரில் எழுதியிருந்தாள். ஆகவே ஆறு நாற்காலிகளையும் மேலே கொண்டு வரச் சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏறி வந்து நடைபாதையை அடைத்துக்கொண்டன. வரிசையில் நின்று கால் வலித்த ஆறு பேர், நல்ல மனசு யாருக்கோ என்று வாழ்த்திவிட்டு அவற்றில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஹெட் நர்ஸ் இடுப்பில் கை வைத்தபடி வந்தார். "இது வார்டா, பஸ் ஸ்டாண்டா?"

"அக்கா, பத்தே நிமிஷம் பொறுத்துக்கோங்க. ஏழாம் கட்டிலை அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அனுப்பு, யாரு வேணாம்னா? முதல்ல நான் பேரு கேட்டு, கையில கட்டின பேர்ப் பட்டையப் பாக்கணும். அப்புறம் மருந்து குடுக்கறவர் கேப்பார். கையெழுத்து வாங்கறவங்க கேப்பாங்க. வாசல்ல செக்யூரிட்டி கேப்பார்."

"ஒரே பேரை நாலு பேரு கேக்கணுமா? லிஃப்டுல இறங்கறதுக்குள்ள மனுஷனுக்குப் பேரு மாறிடுமா? பதினோரு நிமிஷம்கா! நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"எனக்கென்னவோ சரியாப் படல."

"என் வேலையே போயிடும்கா!"

ஹெட் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை இறக்கப் போய்விட்டார். அவள் சுவருக்கு ஓடி, 'பேர் சரிபார்த்தல், பதினோரு நிமிஷம்' என்ற மஞ்சள் தாளைக் கிழித்து எறிந்தாள். பயிற்சி முடிந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் கிழித்ததில்லை.

மணி பதினொன்று நாற்பத்தாறு. ஏழாம் கட்டிலில் பெரியவர் ஒருவர் சட்டையும் பேன்ட்டுமாக, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, உடை மாற்றும் நேரமும் மிச்சம்.

"கிளம்பலாமாய்யா? நேரமாயிடுச்சு."

"அதுக்குள்ளயா? சரிம்மா."

நாற்காலியில் இருந்த ஒருவரைக் கெஞ்சி எழுப்பிவிட்டுப் பெரியவரை உட்கார வைத்தாள். பார்மசிக்காரர் மருந்துப் பையை அவர் மடியில் போட்டார். அவள் ஃபைலைப் போட்டாள்.

"இதெல்லாம் எனக்கெதுக்கும்மா, நானே நடந்து..."

"பேசாதீங்கய்யா, பேசினா ஒரு நிமிஷம் போகும்!"

தள்ள ஆளில்லை. அவளே தள்ளினாள். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டு, ஏதோ யோசித்து, இரண்டில் நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செக்யூரிட்டி வாயைத் திறப்பதற்குள், "கேக்க வேணாம்ணே!" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டினாள்.

அமுக்கினாள். ஒரு மணி நேரம் ஐம்பத்தெட்டு நிமிஷம்.

வாசலில் காத்திருந்த டைரக்டர் தன் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "பிரமாதம்! திங்கட்கிழமை இந்த வேலைக்கு நிரந்தர ஆர்டர் உன் கையில இருக்கும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டைரக்டர் குனிந்து பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க சேவை எப்படிய்யா இருந்தது?"

"பாக்க வந்தவனையே வண்டியில வெச்சு, மருந்தும் குடுத்து வாசல் வரைக்கும் கொண்டுவிடற ஆஸ்பத்திரிய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார் பெரியவர், "மேல என் தம்பி பாத்ரூம்ல துணி மாத்திக்கிட்டு இருக்கான், பாவம் ஆபரேஷன் ஆன உடம்பு, அவனையும் இதே மாதிரி அனுப்பி வெச்சிடுவீங்கல்ல?"