மூன்று பூட்டுப் போட்ட பெட்டி

நான் யாரையும் லேசில் நம்பாதவன். இருபத்தாறு வயதில் அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நுரைச்சோலையில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: சிலாபத்து அன்ரன், கரைத்தீவு நஸீர், நான். பழைய என்ஜின் படகொன்று வாங்கக் கூட்டாகக் காசு சேர்த்தோம். காசு போட மேலே ஒரு துவாரம் விட்ட தகரப் பெட்டிக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி என்பது என் யோசனை. அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. ஒருவன் தண்ணீர் குடிக்க எழுந்தால் மற்ற இருவருக்கும் தாகம் எடுத்தது.

ஒரு மத்தியானம் அன்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் காசு வேண்டும் என்று பதறினோம். (அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள் என்பது மூவருக்கும் நினைவு வரவில்லை.)

"உன்ட சாவி எங்கடா?" என்றேன்.

"ஏன் கேக்கிறாய்?" என்றான் அன்ரன், அந்த நிலையிலும்.

"மௌத்தாகப் போறாய் மச்சான், சொல்லித் தொலை" என்றான் நஸீர்.

"நான் செத்தா நீங்க ரெண்டு பேரும் படகு வாங்குவீங்க."

வேறு வழியில்லாமல் அவனையும் பெட்டியையும் ஒரே ஓட்டோவில் ஏற்றினோம். வலியில் துடித்த அவனைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. வழியில் பொலிஸ் மறித்தது.

"கடத்துற பீடி இலையா?" என்றார் பெட்டியைத் தட்டிய சார்ஜன். நல்ல தமிழ் பேசினார்.

"காசு, சேர்."

"ஆற்ற காசு?"

"என்ட" என்றோம் மூவரும் ஒரே நேரத்தில்.

அவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கப் பிணைச்சலை லேசாக இழுத்தார். ஆணிகள் கையோடு வந்தன. பூட்டுகள் மூன்றும் பூட்டியபடியே இருக்க, மூடி பின்புறமாகத் திறந்தது. உள்ளே கொஞ்சக் காசும் ஒன்பது துண்டுச் சீட்டுகளும் கிடந்தன. ஒன்றை எடுத்து வாசித்தார்: "புதுச் சப்பாத்துக்கு எடுத்தேன். சம்பளத்துக்கு வைத்துவிடுவேன்."

பிறகு மூவரின் கால்களையும் வரிசையாகப் பார்த்தார். இருவர் செருப்பில் இருந்தார்கள்.

அன்ரனின் வயிற்றுவலி அரை நிமிடம் நின்றுபோனது. "நீயாடா?" என்றான்.

"முதல்ல இவர அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க காசு தேவையில்ல" என்றார் சார்ஜன்.

குடல்வாலை வெட்டி அன்ரனைப் பிழைக்க வைத்தார்கள். எடுத்ததைத் திருப்பி வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. படகு வாங்கினோம், கணக்கு நஸீரின் கையில்.

சில வருடம் கழித்து என் தங்கைக்கு அன்ரனைப் பேசினார்கள். பொடியன் எப்படி என்று அப்பா நஸீரிடம் விசாரித்தாராம்.

"மாப்பிள்ளை தங்கம். அவனுக்கு வரப்போற மச்சானத்தான் கொஞ்சம் விசாரிக்கோணும்" என்றானாம் அவன்.

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும், இன்றும் இதைச் சொல்லித்தான் தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள்.