புக்கான் ஒப்புக்கொண்ட தப்பு

கேமரன் மலையில் எழுபதுகளின் கடைசியில் தப்பே செய்யாத மனிதர் ஒருவர் இருந்தார். இது ஊரார் சொன்னதல்ல, அவரே சொன்னது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலையில் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "புக்கான் சாயா லா!" என்பார். மலாயில் "நான் இல்லை" என்று அர்த்தம். அதனால் பெயரே புக்கான் ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் பேரேடு எழுதும் ஆபீஸ் கிராணிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

ஒருமுறை அவர் பெல்ட் மாட்டியதும் இலை உருட்டும் மெஷின் பின்பக்கமாகச் சுற்றியது. துரை கத்தினார். "புக்கான் சாயா, துரை! இது செஞ்ச ஊர்லயே இப்படித்தான் சுத்துமாம்" என்றார் கூசாமல். கோயில் திருவிழாவில் அவர் பொறுப்பிலிருந்த ஜெனரேட்டர், சாமி புறப்படும் நேரம் பார்த்து நின்றது. கங்காணி பாய்ந்தார். "இருட்டுனது நானா? பொழுது சாஞ்சா நான் என்னா செய்யறது?"

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. அதை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

அப்பா விட்டுப்போன பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. திரிங்காப் மலைச்சரிவிலிருந்து கோஸ் மூட்டைகளை ரோட்டில் நிற்கும் லோரிக்கு இறக்குவேன். ஒரு சனிக்கிழமை கிளட்ச் தேய்ந்து வண்டி படுத்துவிட்டது. திங்கள் காலை வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்றார் காய்கறி வாங்கும் சீன முதலாளி, எங்கள் தவுக்கே. அந்த வேலை போனால் அம்மா முட்டிவலியோடு மறுபடி கூடை கட்டிக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். ஞாயிறு காலை புக்கானிடம் ஓடினேன்.

"ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போகணுமாண்ணே?"

"எதுக்கு லா? ஒர்க்‌ஷாப்புக்காரன் என்னா, ஆகாசத்துலயா கழட்டறான்? ஒன் வீட்டு வாசல் போதும்."

முதலில் சீட்டுகள் வெளியே வந்தன. பிறகு கால் வைக்கும் தகடுகள். வண்டிக்கு மேலே ஒரு மரத்தைக் குறுக்கே முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி, கியர்பாக்ஸை மேல்வழியாகவே தூக்கினார். நாலு ஆள் கனம். மறுமுனைக் கயிற்றை நான் பிடித்திருந்தேன். பிடித்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கயிறுதான் என்னைப் பிடித்திருந்தது. அவரோ தோளைக் கொடுத்து, தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றுவது போல அதைச் சாக்கின் மேல் இறக்கினார்.

அடுத்துச் செய்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. நான் வாங்கிவந்த புதுக் கிளட்ச் தட்டு நட்டநடுவில் உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கியர்பாக்ஸ் திரும்ப நுழையாது. அதற்கென்று கருவி உண்டு, புக்கானிடம் இல்லை. வேலியோரம் கிடந்த தேயிலைக் கட்டையை எடுத்துக் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். சீவுவார், பழைய தட்டின் ஓட்டையில் விட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி சீவுவார். ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை. அந்தக் குச்சியில் புதுத் தட்டைக் கோத்து இறுக்கினார். கியர்பாக்ஸ் முதல் தள்ளிலேயே 'லொடக்' என்று போய் உட்கார்ந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் லயத்து வீடுகள் அத்தனையும் கைதட்டின.

ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் விட்டேன். இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. புகை மட்டும் வந்தது. எரிந்த கிளட்ச் நாற்றமடிக்கும். இதுவோ வடைச்சட்டி மாதிரி மணந்தது.

"இன்னிக்கு யாரு தப்புன்னு சொல்லப் போறாரு?" என்றார் கங்காணி ஆசையாக.

புக்கான் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். தட்டின் குழிகளில் சிவப்பு அப்பியிருந்தது. நல்லெண்ணெய் வாசனை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் குடை வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் விரிக்க முடியாது. அவர் கட்டை சீவிய நேரத்தில் அம்மா தட்டைச் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோயிருக்கிறாள். ஒட்ட வேண்டுமே என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அவர் திட்டுவாரோ என்று முந்தானையால் நன்றாகத் துடைத்து, எண்ணெயைத் தட்டு முழுக்கப் பரப்பி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "என்னா தம்பி ஆச்சு? சாமிக்கு நான் எதும் கொற வெச்சுட்டனா?"

புக்கான் அவள் முந்தானையில் இருந்த சிவப்பைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவருடைய பூட்ஸ் என் காலை மிதித்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. தட்டத் திருப்பிப் போட்டுட்டேன். என் தப்புதான்."

 கங்காணிக்குக் காதில் சந்தேகம் வந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். புக்கானும் சொன்னார்.

பிறகு தட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே குச்சியை வைத்து மாட்டினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதே ஆறு பேருடன் வண்டி மேடேறியது. திங்கள் காலை கோஸ் இறங்கியது. அம்மா கூடையைத் தொடவில்லை.

ஊர் அவரை விடவில்லை. "அண்ணே, சட்டையத் திருப்பிப் போட்டுட்டீங்களா?" என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். அதற்கு மட்டும் அவர் ஒரு நாளும் "புக்கான்" சொன்னதில்லை. எனக்கு அப்படியே போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அம்மா அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் சொல்வாள்: "தங்கமான மனுசன். ஆனா வேலதான் அவ்வளவா தெரியாது, பாவம்."

நான் வாயைத் திறப்பதில்லை. என் கால் மேல் அந்த பூட்ஸ் இன்னும் இருக்கிறது.