ஊருக்கெல்லாம் வருடம் போட்ட கம்பஸ்

இந்தத் தீவில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஒரு பட்டமும் வாங்காமல் ஊர் முழுவதற்கும் பட்டம் கொடுத்தவன் பரந்தன் சந்தியில் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்திய கம்பஸ் ஒருவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

பல்கலைக்கழகத்தை நாங்கள் கம்பஸ் என்போம். அதன் வாசலை அவன் மிதித்ததில்லை. ஆனால் யாராவது ஒரு வேலை செய்வதைக் கண்டால் போதும், அது கம்பஸில் எந்த வருடப் படிப்புக்குச் சமம் என்று தராசில் நிறுத்ததுபோலச் சொல்லிவிடுவான்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் சூசையிடம், "காத்தை மணந்து பாத்தே கடல் நிலவரம் சொல்லுறீர். புவியியல், இரண்டாம் வருசம்" என்பான்.

"மீனை வாங்கடாப்பா. வருசத்தைக் குழம்பிலை போடேலாது" என்பார் சூசை.

நெல் அவிக்கிற அக்காவுக்கு இரசாயனம் முதலாம் வருடம். கள்ளுக் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் வானத்தைப் பார்த்துக் கிடப்பவருக்குத் தத்துவம், இறுதி வருடம்.

எனக்கு வணிகம், மூன்றாம் வருடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, நெல்மூட்டை சுமந்து, பிறகு அதே நெல்லைக் குத்துகிற ஆலைக்கே சொந்தக்காரனானவன் நான். மூன்றாம் வருடம் குறைவு என்றுதான் பட்டது.

"ஏன்ரா எனக்கு நாலாம் வருசம் தரேல்லை?"

"கணக்கெல்லாம் வாயாலை சொல்லுறியள் அண்ணை, எழுதுறியள் இல்லையே."

யுத்தத் தடையால் டீசல் கண்ணிலும் காணக் கிடைக்காத காலத்தில் என் ஆலை எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இந்த விளையாட்டு வினையானது ஒரு பள்ளிக்கூட ரீச்சரால். அவா வீட்டு வயல் கிணற்று மெசின் திருத்தப் போன இடத்தில் கம்பஸுக்கு ரீச்சரைப் பிடித்துவிட்டது. அவாவுக்கும் இவனைப் பிடித்துவிட்டது. தகப்பனார் ஓய்வுபெற்ற தபாலதிபர். மூத்த மகளைக் கம்பஸ் மாப்பிள்ளைக்குக் கொடுத்தவர், இளையவளையும் அப்படித்தான் கொடுப்பேன் என்று நின்றார்.

"பேரிலை கம்பஸ் இருந்தாக் காணாது தம்பி."

"எனக்கு ஆள் காணும் அப்பா. உங்களுக்குத்தான் வருசம் வேணும்" என்றாவாம் ரீச்சர்.

அந்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்திலிருந்து விரிவுரையாளர்கள், தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் கிளாலிக் கடலால் படகேறிக் கிளிநொச்சிக்கு வருகிறார்கள் என்று கதை வந்தது. தொழில் செய்து பழகியவர்களை நேரில் விசாரித்து, தகுதியிருந்தால் முதலாம் வருடத்தைக் கழித்துவிட்டு நேரே இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்களாம்.

"அண்ணை! நான் இவ்வளவு நாளும் சொன்னதைத்தானே அவையளும் சொல்லுகினம்!" கம்பஸ் துள்ளினான்.

தபாலதிபரும் ஒரு படி இறங்கினார். "இரண்டாம் வருசத்திலை ஏத்தினால் கலியாணத்துக்கு நாள் பாப்பம். இல்லையெண்டா இந்தக் கதையை இதோடை விடுவம்."

வேலை கொடுத்தவர் ஒருவர் சாட்சிக்கு வரவேண்டும் என்றார்கள். பரந்தனில் என்னை விட்டால் வேறு யார்? பட்டு வேட்டி, சால்வையோடு போனேன். தபாலதிபர் ஒருவரையும் நம்பமாட்டார். அவரும் வந்து மண்டபத்து யன்னலோரம் விறாந்தை வாங்குப் பலகையில் குடையை ஊன்றிக்கொண்டு இருந்தார்.

உள்ளே இரண்டு விரிவுரையாளர்கள், பெரியவர் ஒருவர், இளையவர் ஒருவர். கேட்டதற்கெல்லாம் கம்பஸ் டக்குடக்கென்று சொன்னான். என் முறை வந்ததும் ஆலைக்கு நான் அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து தொடங்கினேன். கூரை போடும் கட்டம் வர, "காணும் ஐயா, நல்லா விளங்குது" என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். பேனையைத் திறந்தார்.

"சரி தம்பி, உம்மை இரண்டாம் வருசத்திலை எடுக்கலாம். வேறை ஏதும் கேக்க இருக்கோ?"

எழும்பிவா என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவனோ கதிரையில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஓம் சேர். எங்கடை அண்ணை அஞ்சாம் வகுப்பு. ஆனால் ஆலை நடத்துறார். நான் வணிகம் மூண்டாம் வருசம் குடுத்திருக்கிறன். நீங்கள் எந்த வருசத்திலை எடுப்பியள்?"

பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார். இளையவர் பொத்தவில்லை. "அஞ்சாம் வகுப்புக்கோ? ஐயாவை நேர்சரியிலை எடுப்பம்" என்றார். பிறகு இரண்டு பேரும் மேசை ஆடச் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் பிறகு நெல்லோடு என் ஆலையில்தான் வரிசையில் நின்றார்கள். ஆனால் கம்பஸ் எழும்பிவிட்டான்.

"சேர், அந்தப் பேனையை மூடுங்கோ."

"என்ன தம்பி, பகிடிதானே?"

"மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட சோறு இவரின்ரை ஆலையிலை குத்தின அரிசி. அதைத் திண்டுபோட்டு இவரைப் பாத்துச் சிரிக்கிற இடத்திலை எனக்கு வருசம் வேண்டாம்."

"டேய் விசரா, ரீச்சரை நினையடா!" என்று காதுக்குள் சொன்னேன்.

"அவாவுக்கு விளங்கும் அண்ணை" என்றவன் வெளியே நடந்தான்.

விறாந்தையில் தபாலதிபர் எழும்பி நின்றார். யன்னலால் எல்லாம் கேட்டிருக்கிறது. கலியாணக் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் கம்பஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ரை மூத்த மருமோன் கம்பஸிலை நாலு வருசம் இருந்தவர். எந்த நேரம் கேட்டாலும் பகிஷ்கரிப்பு, வகுப்பில்லை எண்டுவார். இவன் உள்ளை போன கையோடை பகிஷ்கரிச்சுப்போட்டு வாறான். இதுக்கு மேலை என்ன கம்பஸ்? நல்ல நாளாப் பாருங்கோ."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். "இவருக்கு எந்த வருசம் அண்ணை போடுறது?" என்று கம்பஸ் என்னைக் கேட்டான். வருடம் போட அவன் இன்னொருவரைக் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

வரும்போது அவன்தான் சைக்கிள் மிதித்தான், நான் முதலாளி மாதிரிப் பின்னால் இருந்தேன். பாதி வழியில் பார்த்தால் அவன் சைக்கிளை ரோட்டை விட்டு வேலிப் பக்கம் விடுகிறான்.

"ஏறடா பின்னாலை."

"அண்ணை, நீங்களோ மிதிக்கப் போறியள்?"

"ஏறு எண்டா ஏறு."

எதிர்க்காற்று. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தேன். சந்தியில் நின்றவர்கள் ஆலைக்காரர் ஆளேற்றிப் போகிறார் என்று கூவினார்கள். ஆலை வாசல் வந்தது. நான் நிறுத்தவில்லை. ரீச்சர் வீட்டு ஒழுங்கைவரை கொண்டுபோய், சட்டைக் கொலரைச் சரிசெய்து, இறக்கிவிட்டேன்.